எங்கள் பட்லர் தாத்தா

பேத்தியின் புத்தகத்தில் அந்தச் சுருட்டைமுடியையும் கிருதாவையும் பார்த்ததும் ராயபுரத்து வீட்டின் சாம்பிராணி வாசனை மூக்கில் ஏறியது. படிக்காமலே நான்கு லாரி வாங்கியவன் நான். பார்த்த முகத்தை மறக்க மாட்டேன்.

கம்யூனிஸ்டுகளைப் போலீஸ் தேடிய காலம். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பா, ஒரு ருஷ்யக் கவிஞரின் படத்தை மாட்டியிருந்தார். சிக்கினால் ஜெயில்தான். தெருமுனையில் போலீஸைக் கண்டதும் அம்மா படத்துக்குப் பொட்டு வைத்து, பூ சாத்தி, சாம்பிராணி போட்டாள்.

"யாரும்மா இது?" ஏட்டு முறைத்தார்.

"எங்க மாமனாருங்க."

"கோட்டு போட்டுகினு கீறாரு?"

"தொர வூட்ல பட்லருங்க."

ஏட்டு அரை மனதாகக் கும்பிட்டுப் போனார்.

அப்பா சிரித்தார். "உயிரோட இருந்தப்பவும் இவரு பின்னால போலீசு சுத்திகினுதான் இருந்துச்சாம்."

அம்மா சிரிக்கவில்லை. ஏட்டு திரும்பி வருவார் என்று அமாவாசைதோறும் படையல் போட்டாள்.

"இவரு யாருன்னு தெரியுமா தாத்தா?" என்றாள் பேத்தி.

"எங்க தாத்தாம்மா," என்றேன்.