நீர்நாய்களின் முகவரி

விற்ற ஓவியத்தைத் திருத்த வேண்டும் என்று, வாங்கியவர் வாசலில் போய் நிற்கிற ஓவியரைப் பார்த்திருக்கிறீர்களா? நான் போன வாரம் பார்த்தேன். அவரைக் காரில் அழைத்துப் போனதே நான்தான்.

சனிக்கிழமை காலை ரஹீமாக்கா போன் செய்தார்.

"கார் சும்மா இருக்கா? தஞ்சாவூர் வரைக்கும் போகணும். பெயின்ட் பெட்டியைத் தூக்கிக்கிட்டு பஸ்ல ஏற முடியல."

"என்னக்கா, புது ஆர்டரா?"

"இல்ல... பழைய படத்துல ஒரு வேலை இருக்கு."

குரல் சரியில்லை. சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கும்பகோணத்தில் எங்கள் தெருவிலேயே ரஹீமாக்கா வீடு. கணவருடன் பல வருடம் ஷார்ஜாவில் இருந்தவர். கணவர் வேலைக்குப் போன பிறகு ஃபிளாட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல், பக்கத்துக் கட்டடத்தில் நடந்த வகுப்பில் சேர்ந்து ஆயில் பெயின்டிங் கற்றுக்கொண்டார். ஊர் திரும்பியதும் கணவர் எலக்ட்ரிகல் கடை வைத்தார். அக்கா மாடி அறையில் கேன்வாஸ் ஸ்டாண்டை வைத்தார்.

எங்கள் பக்கத்தில் பெயின்டிங் என்றாலே ஒரே கேள்விதான் — "தங்க ரேக்கு ஒட்டினதா? கிருஷ்ணரா, லட்சுமியா?" அக்கா சிரித்துக்கொண்டே சொல்வார்: "கொக்கு, நாரை, நரி..." கேட்டவர்கள் மரியாதைக்குத் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள்.

போன தை மாதம், அறுவடை முடிந்த சமயம். அக்கா என்னை ஒரு விடியற்காலையில் ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனார். காவிரியின் கிளைகளில் ஒன்று — பெயர் வேண்டாமே. செங்கல்லில் கட்டிய பழைய மதகு. அதற்குக் கீழே மணல் திட்டு. புதருக்குப் பின்னால் உட்காரச் சொன்னார். பேசக் கூடாது, போனை எடுக்கக் கூடாது.

கொஞ்ச நேரத்தில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு தலை வந்தது. பின்னாலேயே இன்னும் சில தலைகள். நீர்நாய்க் குடும்பம்! அம்மா ஒரு கெண்டையை இரண்டு கையாலும் பிடித்து, நாம் வாழைப்பழம் சாப்பிடுகிற மாதிரி, தலையிலிருந்து கடித்துச் சாப்பிட்டது. குட்டிகள் மணலில் உருண்டன. ஒரு குட்டி மட்டும் எதையோ நெஞ்சில் வைத்துக்கொண்டு மல்லாந்து விளையாடியது. கூழாங்கல் என்று நினைத்தேன்.

அக்காதான் என் காதருகே வந்து சொன்னார்: "பூச்சி மருந்து டப்பா."

யாரோ வயலுக்கு மருந்து அடித்துவிட்டு, காலி டப்பாவை வாய்க்காலில் வீசியிருக்கிறார்கள். அது ஆற்றுக்கு வந்து, குட்டிக்குப் பொம்மையாகிவிட்டது. மூடியைக் கடித்துக் கடித்துப் பார்த்தது. ஓடிப் போய்ப் பிடுங்கவா முடியும்?

அக்கா அதையே வரைந்தார். கட்டில் அகலத்துக்கு ஒரு கேன்வாஸ். காலை வெயிலில் ஈர ரோமம் மின்னுகிற தாய். உருண்டு விளையாடும் குட்டிகள். பின்னால் அந்த மதகு, துருப்பிடித்த ஷட்டரும் உடைந்த கைப்பிடியுமாக, அச்சு அசலாக. முன்னால், டப்பாவைக் கட்டிக்கொண்டு மல்லாந்திருக்கும் குட்டி. படத்துக்கு அவர் வைத்த பெயர்: 'பிள்ளை விளையாடுகிறது.'

கோடை விடுமுறையில் தஞ்சாவூரில் ஒரு கண்காட்சி. நானும் போயிருந்தேன். அந்த ஓவியத்தின் முன்னால்தான் கூட்டம். "ஒரிஜினலா, பிரிண்ட்டா மேடம்?" என்றார் ஒருவர். "ஐயோ, எவ்வளவு க்யூட்!" என்றது ஒரு பெண். டப்பாவைப் பற்றி என் காதில் விழ யாரும் கேட்கவில்லை. எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இது எங்க இருக்கு?"

அக்கா பெருமையாகச் சொன்னார். ஊர்ப் பெயர், மதகு, எந்தப் பாதையில் திரும்பவேண்டும்... எல்லாம். ஒரு இளைஞர் செல்போனில் வீடியோ எடுக்க, அதற்கும் சொன்னார்: "நம்ம ஆத்துலதாங்க இருக்கு. போய்ப் பாருங்க. பார்த்தா நீங்களே டப்பாவைத் தூக்கிப் போட மாட்டீங்க."

அதில் என்ன தப்பு? பார்த்தால் பாசம் வரும், பாசம் வந்தால் காப்பாற்றுவார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். ஒரு பள்ளித் தாளாளர் படத்தை வாங்கி, பள்ளி வரவேற்பறையில் மாட்டினார். அக்கா அன்று எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கே போன வாரம் காரில்தான் தெரிய வந்தது.

பாபநாசம் தாண்டும் வரை அக்கா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "நேத்து வீட்டுக்கு ஒருத்தர் வந்திருந்தாரு" என்றார்.

"யாருக்கா?"

"செல்வராசுன்னு பேரு. அந்த மதகுக்குப் பக்கத்துல குளம் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்க்கிறாராம். கையில ஒரு பை நிறைய கெண்டை மீனோட வந்தாரு. 'அம்மா, உங்களுக்கு நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்'னாரு."

"எதுக்கு நன்றி?"

அக்கா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

வீடியோ பரவியதில் லீவு நாளெல்லாம் ஆற்றங்கரையில் கூட்டமாம். பைக், கார், பிரியாணிப் பொட்டலம், ஸ்பீக்கரில் பாட்டு. குட்டி வெளியே வரட்டும் என்று மண்கட்டியை எறிந்தவர்களும் உண்டாம். கோடையில் ஆறு வற்றி, மதகுக்குக் கீழே மட்டும்தான் தண்ணீர் தேங்கி நிற்கும். மனிதர்கள் அங்கேயே நின்றால் அவை எங்கே போய் மீன் பிடிக்கும்? கரை தாண்டி செல்வராசுவின் குளத்துக்குப் போயிருக்கின்றன.

"அவரு மேலயும் எனக்குக் கோபம் வரல. மீன் குறையுதேன்னு பக்கத்து வயல்காரரைத்தான் சந்தேகப்பட்டாராம். ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே இல்லாமப் போச்சாம். அப்பதான் யாரோ போன்ல என் வீடியோவைக் காட்டியிருக்காங்க. 'மனுசத் திருடன்னு நெனச்சேம்மா. உங்க படத்தைப் பார்த்துத்தான் விஷயமே புரிஞ்சுது. சுத்தி வலை கட்டிட்டேன். ஒரு பெருசு, ஒரு குட்டி, ரெண்டும் மாட்டிச் செத்துப் போச்சு. மத்தது எங்கயோ ஓடிருச்சு. இப்ப நிம்மதி'ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றாரு. வெகுளியான மனுசன். மீன் பையை என் கையில கொடுத்துட்டுப் போயிட்டாரு."

வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

"எது மாட்டுச்சுன்னு நெனைச்சுக்கிட்டே இருக்கேன். அந்தத் தாயா? எந்தக் குட்டி? நான் எல்லா மூஞ்சியையும் வரைஞ்சிருக்கேனே..."



நம் அன்பு எப்போதும் இப்படித்தானோ? ஒன்றைப் பிடித்துவிட்டால் கிட்டே போக வேண்டும், தொட வேண்டும், கூட நின்று படம் எடுக்க வேண்டும், நாலு பேருக்கு வழி சொல்ல வேண்டும். எட்ட நின்று ஒன்றை நேசிக்க நமக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

பள்ளியில் தாளாளர் மேடம் அன்பாகத்தான் வரவேற்றார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறியது.

"படத்துல கை வைக்கணுமா? ஏங்க, நல்லாத்தானே இருக்கு? வர்றவங்க எல்லாம் முதல்ல அந்த மதகைக் காட்டி, 'இது எந்த இடம்'னுதான் கேக்கறாங்க. அடுத்த மாசம் இக்கோ கிளப் பிள்ளைங்களை பஸ்ல அங்கதான் கூட்டிட்டுப் போறதா இருக்கோம்."

"அதனாலதான் மேடம்" என்றார் அக்கா. செல்வராசு வந்ததைச் சொன்னார். வலையைச் சொன்னார். சொல்லும்போது அவர் அழவில்லை. நான்தான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மேடம் படத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஆனா இப்ப அங்க ஒண்ணுமே இல்லையேங்க... இனிமே மாத்தி என்ன ஆகப் போகுது?" என்றார்.

"மிச்சம் இருக்கிறது திரும்பி வரலாம் மேடம். பழகின இடம். வந்து பார்க்கிறப்ப அங்க நாம நிக்கக் கூடாது."

மேடம் எழுந்து போய் யாரிடமோ பஸ் ப்ரோக்ராமை ரத்து செய்யச் சொல்லிவிட்டு வந்தார். படத்தை இறக்கச் சொன்னார்.

அக்கா தரையில் பேப்பர் விரித்து, பஞ்சில் டர்பன்டைன் தொட்டு, மதகின் மேலிருந்த வார்னிஷைப் பொறுமையாகத் துடைத்தார். பச்சையும் பழுப்பும் கலந்தார். முதலில் உடைந்த கைப்பிடி போனது. பிறகு ஷட்டர். செங்கல் ஒவ்வொன்றாக நாணலுக்குள் போனது. அந்தச் செங்கற்களை எத்தனை ஆசையாக வரைந்திருந்தார்! மதியத்துக்குள் அங்கே மதகு இருந்த சுவடே இல்லை. தமிழ்நாட்டில் எந்த ஆறாகவும் இருக்கலாம்.

மேடம் வந்து பார்த்தார். "அழகா இருக்கு" என்றார். கொஞ்சம் தயங்கினார். "கையோட கையா அந்த மருந்து டப்பாவையும் எடுத்துடுங்களேன். பேரண்ட்ஸ் வந்து உட்கார்ற இடம்... பார்க்க ஒரு மாதிரியா இருக்கு."

ரஹீமாக்கா பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தார்.

"அது இருக்கட்டும் மேடம். நான் படம் போட்டதே அதுக்காகத்தான்."

மேடம் அந்தக் குட்டியை அப்போதுதான் சரியாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். குனிந்து, டப்பாவின் மேலிருந்த லேபிளைக்கூட உற்றுப் பார்த்தார். "எங்க வயலுக்கும் இதைத்தான் அடிக்கிறாங்க" என்று மெல்லச் சொன்னார். அதற்குப் பிறகு எடுக்கச் சொல்லவில்லை.

கிளம்பும்போது, வரவேற்பறைப் பெண்ணிடம் அக்கா நின்று சொல்லிவிட்டு வந்தார்: "ஆயில் பெயின்ட்டும்மா. காய நாளாகும். யாரும் கிட்ட வந்து தொடாமப் பார்த்துக்கம்மா."

படத்துக்கு இப்படிச் சொல்லிவிட்டு வர ஓர் ஆள் இருக்கிறது... ஆற்றங்கரைக்கு யாரிடம் சொல்வது?