தொடாமல் படித்த எட்டு மாதம்

கல்முனையில் றவூப் சேருக்கு நல்ல பெயர். கட்டாரில் ஆறு வருடம் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு, தொண்ணூற்றாறில் ஊர் திரும்பி, கடைத்தெருவில் ஒரு மேல்மாடி அறையை எடுத்து, மூன்று மெஷினோடு வகுப்புத் தொடங்கியவர். ‘பெண்பிள்ளைகளும் சேர்த்துக்கொள்ளப்படுவர்’ என்று போர்டில் சிவப்பு எழுத்தில் போட்டார். அந்த ஒரு வரியில் மனிதருக்கு இருந்த பெருமை இருக்கிறதே, அப்பப்பா! கல்யாண வீட்டுக்குப் போனாலும் அந்தக் கதைதான்.

பெண்கள் ஏழு பேர் சேர்ந்தார்கள். அறையின் நடுவே திரை கட்டினார். கட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பள்ளிவாசலில் கேட்கவில்லை, பெற்றோரும் கேட்கவில்லை. நாளைக்கு ஒருவர் வாய் திறந்துவிடக் கூடாதே என்று இவருக்கே ஒரு பயம். மெஷின் மூன்றும் ஆண்பிள்ளைகள் பக்கம். பெண்கள் மறுபக்கம் இருந்து குரலைக் கேட்டு எழுதிக்கொள்வார்கள்.

“அவனுகள் முடிச்ச பொறகு நீங்க வந்து அடிச்சுப் பாருங்க” என்பார்.

அவர்கள் முடிக்கிற நேரம் பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு ஒலித்துவிடும். பாங்குக்கு முன்னால் பெண்பிள்ளை வீட்டில் நிற்க வேண்டும். இது அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே எட்டு மாதம் அதையே சொன்னார்.

அந்த ஏழு பேரில் கெட்டிக்காரி நதீரா, வயல்காரர் காலிதீனின் மூத்த மகள். உயர்தரத்தில் கணிதம் படிக்க ஆசைப்பட்டவள். அவள் படித்த பெண்கள் பாடசாலையில் அந்தப் பிரிவே இல்லாததால் கலைக்குப் போனாள். சவர்க்காரப் பெட்டி மட்டையில் கீபோர்டை வரைந்து, வீட்டில் அதன்மேல் விரலை அழுத்தி அழுத்திப் பழகினாள். வகுப்பில் முதலாவதாக வருபவரைக் கொழும்பில் ஒரு நிறுவகம் டிப்ளோமாவுக்கு எடுக்கும், விடுதியும் உண்டு என்றிருந்தது. மூன்று மாதம் கெஞ்சி வாப்பாவைச் சம்மதிக்க வைத்திருந்தாள்.

எழுத்துப் பரீட்சையில் நதீராதான் முதலாவது. அடுத்தது செய்முறை. கொழும்பிலிருந்து வந்த பரிசோதகர் அவளை மெஷினுக்கு முன்னால் இருத்தினார். மட்டையில் அழுத்துகிற மாதிரியே முதல் எழுத்தை அழுத்திப் பிடித்தாள். ஸ்கிரீனில் அந்த ஒரே எழுத்து இருபது முப்பது என்று ஓடியது. மெஷினை உடைத்துவிட்டோம் என்று நினைத்து, கையை வெடுக்கென்று எடுத்தாள். ஆண்பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

“எட்டு மாசமாப் படிச்சிருக்கிறீங்க. ஒருநாளும் இதில அடிச்சுப் பாக்கல்லையா?” என்று பரிசோதகர் கேட்டார்.

நதீரா றவூபை ஒருதரம் பார்த்தாள். “சேர் தந்தவர். நான்தான் பயத்தில தொடல்ல.”

பக்கத்தில் நின்ற மனிதர் வாயைத் திறந்திருக்க வேண்டாமா? திறக்கவில்லை. பரிசோதகர் முட்டை போட்டார். அந்த இடம் ஒரு ஆண்பிள்ளைக்குப் போனது.

இரண்டு நாள் றவூபுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு காலிதீன் வீட்டுக்குப் போனார். காலிதீன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“மன்னிச்சிருங்க சேர். புத்தியில்லாத மோட்டுப் புள்ள, உங்கட பேரையும் கெடுத்துப்போட்டா. எவ்வளவு மரியாதையா வெச்சுப் படிப்பிச்சீங்க! சின்னவள் நுஸ்ஹாவையும் அடுத்த மாசம் உங்களிட்டத்தான் அனுப்பப்போறன்.”

றவூபுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

“அவ மோடில்ல காக்கா. அண்டைக்கு அவ சொன்னது பொய். நான் ஒருநாளும் தொடக் குடுக்கல்ல. எனக்கு வெக்கமா இரிக்கி.”

காலிதீனுக்கு இது பிடிபடவில்லை. “சரி சேர், பொம்புளப் புள்ளதானே, உடுங்க” என்று சமாதானம் சொன்னார். எவ்வளவு பெரிய இடம் கைவிட்டுப் போனது என்று அவருக்கு யார் விளக்குவது?

தேத்தண்ணி கொண்டுவந்த நதீரா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. கோப்பையை வைத்துவிட்டு, வாப்பாவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

“நுஸ்ஹாவையாவது ஒருக்காத் தொட உடுங்க சேர்.”

“ஓம் மகள்” என்றார் றவூப். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவரால் முடியவில்லை.