ஜோர்ஜா வீட்டு வாசலில் உதிர்ந்த மாவு

கிர்கொப் ஊரில் விஸ்தின் அளவுக்குக் கல்லை அறிந்தவர் யாருமில்லை. அவர் காதுபட யாராவது இதைச் சொன்னால் எழுந்து போய்விடுவார். அடக்கமான மனிதர் என்று ஊர் மெச்சியது. அடக்கமாவது ஒன்றாவது! குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது, அவ்வளவுதான்.

மால்ட்டாவில் நாங்கள் குடியிருக்கும் வீடெல்லாம் ஒரு காலத்தில் கடலடிச் சேறு. கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு உயிர்கள் செத்து, அவற்றின் ஓடுகள் அடியில் படிந்து, படிந்ததன் மேல் இன்னும் படிந்து, பாரத்தில் இறுகிக் கல்லாயின. அந்தக் கல்லில் நல்ல அடுக்குக்கு ஃப்ராங்கா என்று பெயர். அதில் தாத்தா கட்டிய வீட்டில் பேரன் வாழ்ந்து சாவான். கெட்ட அடுக்குக்கு சோல். வெட்டி எடுத்த அன்று இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். மழையும் உப்புக்காற்றும் பட்ட பிறகுதான் சோலின் சாயம் வெளுக்கும்.

விஸ்தினின் அப்பாவும் குவாரிக்காரர்தான். "முள்ளெலி உக்காந்த அடுக்குல வீடு உக்காராது" என்பார். கடல் முள்ளெலியின் ஓடு கல்லுக்குள் கல்லாகிக் கிடந்தால், சுற்றிலும் புழுவும் நண்டும் துளைத்த தடங்கள் பழுப்பு நரம்பாய் ஓடினால், அந்த அடுக்கைத் தொடக்கூடாது என்பது அவர் கணக்கு.

தங்கை ஜோர்ஜாவின் கல்யாணத்தின்போது அப்பா உயிரோடு இல்லை. ஊர்ப் புனிதர் லியோனார்துவின் திருவிழாவுக்குள் விஸ்தின் கட்டித்தரும் வீடு முடியாவிட்டால் சம்பந்தமே வேண்டாம் என்று மாப்பிள்ளை நார்துவின் அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். திருவிழாவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது விஸ்தினின் குழியில் நல்ல அடுக்கு தீர்ந்தது. முன்சுவருக்கு இன்னும் நாற்பது கல் வேண்டும். அடுத்த அடுக்கில் கல்லறுக்கும் ரம்பம் இறங்கியதும் ஒரு முள்ளெலி எட்டிப் பார்த்தது. விஸ்தினும் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு வெட்டினார்.

கல்யாணம் நடந்தது. முன்சுவர் மாவாக உதிரத் தொடங்கியது. தினமும் காலையில் ஜோர்ஜா வாசலில் வெள்ளைப் பொடியைப் பெருக்குவாள். நார்து ஏசுவார்:

"முன்சுவரைத் தண்ணி ஊத்தித் தேய்க்காதன்னா கேக்கறியா? நீ தேச்சுத் தேச்சுத்தான்டி கல்லு கரையுது!"

தெருப் பெண்களும் ஆமாம் போட்டார்கள். விஸ்தின் ஞாயிறுதோறும் அந்த வீட்டில் முயல்கறி சாப்பிட்டார், வாயைத் திறக்கவில்லை. தங்கையை இழந்துவிடுவோமோ என்ற பயம். இருபத்திரண்டு வருடம் அந்தக் கறி அவர் தொண்டையில் எப்படித்தான் இறங்கியதோ!

போன ஜனவரிப் புயலில் கதவுக்கு மேலிருந்த கல் பாதி பெயர்ந்து விழுந்தது. நார்து நடுத்தெருவில் நின்று கத்தினார். "பாருங்க, பாருங்க! என் பொண்டாட்டி கழுவின லட்சணம்!"

ஜோர்ஜா துடைப்பத்தோடு தலைகுனிந்து நின்றாள். அதற்குமேல் விஸ்தினால் தாங்க முடியவில்லை.

"மச்சான், அவள ஏசாத. தண்ணியில தப்பில்ல. கல்லு கெட்டது. வெட்டும்போதே எனக்குத் தெரியும்."

ஜோர்ஜா துடைப்பமும் கையுமாக உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்து படியில் கவிழ்த்தாள். முள்ளெலி ஓடுகள், சிப்பிகள், கல்லாகிப்போன ஒரு சுறாப்பல். எல்லாம் சுவரிலிருந்து விழுந்தவை.

"மொத மழைக்கே ஒரு முள்ளெலி விழுந்துச்சு. நானும் அப்பா பொண்ணுதானே அண்ணே, எனக்குத் தெரியாதா?"

நார்துவுக்கு முகம் வெளிறியது. "தெரிஞ்சுமா பேசாம இருந்த? இத்தன வருஷம் உன்னத்தானேடி ஏசினேன்!"

"சொல்லியிருந்தா இவர வாசப்படி ஏத்தியிருப்பீங்களா? அம்மா போயாச்சு, அப்பா போயாச்சு. எனக்கு இருக்கறது இவர் ஒருத்தர்தான்."

பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். "கல்லே மொத மழைக்கு வாயத் திறந்துருச்சு. உனக்கு இருபத்திரண்டு மழை வேண்டியிருந்துச்சா?"

விஸ்தின் படியில் உட்கார்ந்து குழந்தைபோல அழுதார். நார்து அவரைப் பார்க்கவில்லை. மனைவியின் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கி, கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக அந்த வாசலைப் பெருக்கத் தொடங்கினார்.