இரு கோடுகளுக்கு நடுவே

என் மேசை லாச்சியில் ஓர் அச்சுத்தாள் கிடக்கிறது. அதில் பன்னிரண்டு பெயர்கள். ஏழாவது பெயரின் மேல் அடிமட்டம் வைத்து, நீலப் பேனையால் ஒரு கோடு. கோபத்தில் கிறுக்கியதல்ல, நிதானமாக இழுத்த கோடு. இழுத்தவர் அக்கா. எனக்குச் சொந்தமில்லை. பங்கு அலுவலகத்தில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள், நானும் கூப்பிட்டேன்.

ஊர்காவற்றுறைப் பக்கத்தில் ஒரு கத்தோலிக்கக் கோவில் பங்கு. பாதருடைய அறைவீட்டின் முன்னறைதான் அலுவலகம். பங்குக் குடும்பங்களின் பழைய கொப்பிகளைக் கணினியில் ஏற்ற வேண்டும் என்று பாதர் விரும்பினார். யாழ்ப்பாண நகரத்தில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்த என்னை யாரோ கைகாட்டிவிட்டார்கள். சனிக்கிழமைகளில் பஸ் ஏறிப் போனேன். நான் சைவக்காரன். அதைப் பாதரும் பொருட்படுத்தவில்லை, நானும் பொருட்படுத்தவில்லை. தட்டச்சுக்கு அக்காவும் வேறு இரண்டு பெண்களும் இருந்தார்கள்.

ஒருவருக்கு ஒரு வரி என்று வைத்தேன். பெயர், முகவரி, பிறந்த நாள், நிலை, கொப்பியில் இருந்து பதிந்த நாள். கணினிக்கு அந்த வரி வெறும் எழுத்துக் கயிறு. எந்த அடையாளம் வரும் இடத்தில் வெட்ட வேண்டும் என்று நாம் சொல்ல வேண்டும். இடைவெளியில் வெட்டச் சொன்னால் பெயரே இரண்டாகிவிடும். கொமாவில் வெட்டலாம் என்றால் முகவரிக்குள் கொமா. புள்ளி என்றால் முதலெழுத்துக்குப் பின்னால் புள்ளி. எவருடைய பெயரிலும் ஊரிலும் வராத அடையாளம் ஒன்று வேண்டும். விசைப்பலகையின் ஓரத்தில் ஒருவரும் தொடாமல் கிடந்த நிமிர்ந்த கோட்டை எடுத்தேன். நிலை என்ற இடத்தில், உயிரோடு இருப்பவருக்கு 'உ' என்று ஓர் எழுத்து, காலமானவருக்கு அந்தத் திகதி. கத்தோலிக்கப் பங்கின் கோப்பு முழுக்கப் பிள்ளையார் சுழி போட வைச்சிட்டீர் என்று பாதர் பகிடி விட்டார். அக்கா சிரிக்கவில்லை. வேலை நேரத்தில் அவருக்குப் பகிடி பிடிக்காது.

அவர் எழுவைதீவில் பிறந்து இந்தக் கரைக்குக் கலியாணம் முடித்து வந்தவர். பிள்ளைகள் இல்லை. அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய புருசன் பல வருடங்களுக்கு முன் ஒரு விடியப்புறம் வலை இழுக்கப் போனவர், திரும்பவில்லை. படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை, வலைத்துண்டு ஒன்றுகூடக் கரையொதுங்கவில்லை. அதற்குப் பிறகும் அக்கா நிறச்சேலைதான் உடுத்தார், தாலிக்கொடியும் கழுத்திலேயே இருந்தது. ஊர் இதை இரண்டு விதமாகவும் கதைத்தது. சிலருக்கு அவர் பாவம், சிலருக்கு அவர் பிடிவாதக்காரி. எனக்குத் தெரிந்த அக்கா இரண்டுமில்லை. ஒரு கிழவரின் பிறந்த திகதியில் ஐயம் வந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போவார். அங்கும் தெரியாதென்றால் திருமுழுக்குப் புத்தகத்தைத் தூசி தட்டித் தேடுவார். தெரியாததை எழுத ஏலாது என்பார். புருசன் இருக்கிறாரா என்று கேட்டாலும் தெரியாது என்பார், இல்லையா என்று கேட்டாலும் தெரியாது என்பார். அதில் கண்ணீரும் இராது, எதிர்பார்ப்பும் இராது.

நான் விட்ட பிழை இதுதான். மற்ற இரண்டு பெண்களும் அவசரத்தில் கோட்டை இரண்டு தரம் தட்டிவிடுவார்கள். கோடும் கோடும் ஒட்டி நிற்கும் வரிகள் கோப்பு முழுக்க. ஒவ்வொன்றாகத் திருத்த எனக்குப் பஞ்சி, சோம்பல். ஒட்டி நிற்கும் கோடுகள் எத்தனையானாலும் ஒன்றாகவே எடு என்று புரோகிராமில் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். கோப்பு ஒழுங்காகிவிட்டது. பெரிய கெட்டித்தனம் செய்ததாக நினைப்பு. அக்காவின் வரிகளில் அந்தப் பிழை வராது என்பது எனக்குத் தெரியும். அதனால் அவற்றைத் திறந்தும் பார்க்கவில்லை.

அக்கா தட்டிய ஆயிரக்கணக்கான வரிகளில் ஒரே ஒரு வரியில் இரண்டு கோடுகள் ஒட்டி நின்றன. புருசனுடைய வரி. நிலை என்ற இடத்தில் அவர் 'உ'வும் போடவில்லை, திகதியும் போடவில்லை. புரோகிராம் இரண்டு கோட்டையும் ஒன்றாக்கியது. அடுத்திருந்த பதிந்த நாள் ஓர் இடம் முன்னே வந்து, இறந்த நாளுக்குரிய இடத்தில் குந்திக்கொண்டது. அது அதே வருடத்துத் திகதி. ஆகவே அந்த மனிதர் அந்த வருடம் காலமானவர்களின் பட்டியலில் ஏழாவதாக வந்தார். பட்டியலை அச்சிட்டு நானே பாதரின் கையில் கொடுத்தேன்.

கார்த்திகை, அதாவது நவம்பர், இரண்டாம் திகதி மரித்தோர் நினைவுப் பூசை. அந்த வருடம் செத்தவர்களின் பெயரைப் பாதர் வாசிப்பார், வீட்டார் ஒருவர் எழும்பிப் போய் மெழுகுதிரி வாங்கிப் பீடத்துக்கு முன்னால் வைப்பார். என் பட்டியல் வாசிக்கப்படுவதைப் பார்க்க ஆசைப்பட்டு நானும் பின்வரிசை வாங்கில் இருந்தேன். ஆறு பெயருக்கு ஆறு பேர் எழும்பினார்கள். ஏழாவது பெயர் வந்தது. பாதர் அந்தப் பங்குக்குப் புதியவர், அது யாருடைய பெயர் என்று அவருக்குப் பிடிபடவில்லை. மெழுகுதிரியை நீட்டியபடி நின்றார். இரண்டாம் முறையும் வாசித்தார். கோவில் முழுக்க அக்காவைத் திரும்பிப் பார்த்தது. அவர் இருந்த இடத்திலேயே இருந்தார். எழும்பிப் போய் வாங்கினால் ஒத்துக்கொண்டதாகிவிடும். கடைசியில் பாதர் மெழுகுதிரியை ஓரமாக வைத்துவிட்டு எட்டாவது பெயருக்குப் போனார். பூசை முடிய முன்பே வெளியே வந்துவிட்டேன்.

அன்றைக்கே சனம் அக்காவின் வீட்டுக்குச் செத்தவீட்டுக்குப் போவது போலப் போனதாம். சீனியும் தேயிலையும் கொண்டு போனார்களாம். எழுவைதீவில் இருந்து அவருடைய தங்கச்சி வள்ளம் ஏறி அழுதுகொண்டு வந்தாளாம். இத்தனை வருடம் அக்கா ஒருவரையும் முடிக்கவிடாமல் வைத்திருந்த கதையை ஒரு தாள் முடித்துவிட்டது.

சனிக்கிழமை போனபோது அவர் வழக்கமான கதிரையில் இருந்தார். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் வெறுமையா விட்டனான். நீர் என்னத்துக்கு நிரப்பினனீர்?"

நான் நிரப்பவில்லை, புரோகிராம்தான் என்று சொல்லியிருக்கலாம். நல்லவேளை, சொல்லவில்லை. அவர் பக்கத்தில் நிற்க, அந்த மாற்றத்தைப் புரோகிராமில் இருந்து எடுத்தேன். மற்றப் பெண்களின் ஒட்டி நின்ற கோடுகளை அன்று முழுக்க இருந்து கையால் திருத்தினேன். பட்டியலை மறுபடி அச்சிட்டபோது பதினொரு பெயர்கள் வந்தன. அக்கா பழைய தாளை எடுத்து, அடிமட்டம் வைத்து, ஏழாவது பெயரை வெட்டினார். இதை நீரே வைச்சிரும் என்று என்னிடம் தந்தார். ஞாயிறு பூசையில் என்ன சொல்வது என்று பாதர் கேட்டதற்கு, பிழையாக வாசித்துவிட்டோம் என்று மட்டும் சொல்லச் சொன்னாராம். இருக்கிறார் என்று சொல்லச் சொல்லவில்லை.

பிறகு நான் வேறு வேலைகளுக்குப் போனேன். எங்கே வரியை வெட்டும் வேலை வந்தாலும், நடுவில் ஒன்றுமில்லாமல் இரண்டு கோடுகள் நிற்கும் ஒரு வரியைக் கொடுத்துத்தான் முதலில் சோதித்துப் பார்ப்பேன். கூட வேலை செய்பவர்களுக்கு அது என் விசர்.

போன கிழமை அந்தப் பங்கில் இருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டாள். இப்போது கோப்பைப் பார்ப்பவள் அவள்தான். மாசியில் அக்கா மோசம் போய்விட்டார் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவருடைய வரியில் 'உ'வை அழித்துத் திகதி போட்டாயிற்றாம். அதற்கு மேல்வரியில், புருசனுடையதில், ஏதோ குறையாம்.

"அண்ணை, அதிலை ஒண்டு விடுபட்டுப் போச்சு. ஆரையும் கேட்டுத் திகதி போடவோ?"

"விடுபடேல்லை, தங்கச்சி. அவ தெரிஞ்சே வெறுமையா விட்ட இடம் அது. ஒண்டும் போடாதையும்."

இந்தக் கார்த்திகைக்கான பட்டியலைச் சரிபார்க்கச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அச்சிட்டு, லாச்சியில் கிடந்த பழைய தாளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஒன்பது பெயர்கள். நாலாவது அக்கா. அவருக்கு மெழுகுதிரி வாங்க எழுவைதீவுத் தங்கச்சி வருவாள். ஒன்பது பெயரையும் இரண்டு தரம் வாசித்தேன். அவருடைய புருசனின் பெயர் அதில் இல்லை.