மரு எடுத்த நாவல்

போட்டோ ஸ்டூடியோவில் அவளை டச்சப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். படம் எடுக்க வருகிறவர்களின் மரு, பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் திரையில் துடைத்து எடுப்பது அவள் வேலை. கேட்காமலே எடுத்துவிடுவாள். ஒருமுறை ஒரு பெரியவர், "நெத்தியில இருந்த தழும்பு எங்கம்மா? அதை வச்சுத்தான் என் பொண்டாட்டிக்கே என்னைத் தெரியும்" என்று படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவள் ஒரு நாவல் எழுதியிருந்தாள். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில் பட்டதுதான் கதை. அச்சுக்குப் போகும் முன் யாராவது ஒரு ஆள் படித்துவிட்டு, எங்கே நொண்டுகிறது என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

புருஷனிடம் கொடுத்தாள். அவன் தாள்கட்டை நெஞ்சில் கவிழ்த்துக் குறட்டை விட்டான். காலையில் "அட்டகாசம்" என்றான்.

"எந்த இடம்?"

"மொத்தமாவே."

ஸ்டூடியோ முதலாளி படிக்கவில்லை. கையில் தூக்கிப் பார்த்து, "நல்ல கனமா இருக்கேம்மா" என்றார். எழுத்தாளர் சங்கத் தலைவரோ தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் ஆழம் வேணும்" என்றார். எந்த இடத்தில் என்று கேட்டதற்கு, "ஆழத்துலதாம்மா" என்று பதில் வந்தது.

மிச்சம் இருந்தது நாத்தனார். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ரிசல்ட் வாங்க வந்தவரிடம், "சக்கரை ஏறிக் கிடக்கு, ஸ்வீட் கடைப் பக்கம் போனீங்கன்னா அப்படியே இங்க வந்துடுங்க" என்று பத்துப் பேர் நடுவில் சொல்கிறவள்.

"உள்ளதை உள்ளபடி சொல்லு. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்" என்று டச்சப் அக்கா அவளிடம் கொடுத்தாள்.

நாத்தனார் முழுசாகப் படித்தாள். ஓரமெல்லாம் பென்சிலில் குறித்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரே சமையலறைக்கே வந்தாள்.

"அண்ணி, பஸ் ஸ்டாண்டுல நீங்க தனியா நிக்கிற அத்தியாயத்துல ஒரு எழுத்தைத் தொடாதீங்க. அவ்வளவு நல்லா வந்திருக்கு. ஆனா மாமியார் வர்ற இடமெல்லாம் பொய்."

"என்ன பொய்?"

"எங்கம்மா உங்களைச் சாப்பாட்டுத் தட்டு முன்னாடி இருந்து எழுப்பிவிட்டாங்க. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். வாயைத் திறக்கல. குனிஞ்சு சாப்பிட்டேன். கதையில அந்தம்மா உங்க தலையைத் தடவிக் கொடுக்குறாங்க, நாத்தனாரு சமாதானம் பண்றா. எங்க மூஞ்சியில இருந்த மருவை எல்லாம் எடுத்துட்டீங்க. திரும்ப வைங்க அண்ணி. கதை எந்திரிச்சு நிக்கும்."

கேட்டது இதைத்தான். கிடைத்ததும் தாள்கட்டை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"ஊசி குத்துற உனக்குக் கதையைப் பத்தி என்ன தெரியும்? நான் பேரெடுத்துடுவேன்னு வயித்தெரிச்சல்."

நாத்தனார் பென்சிலைப் பைக்குள் போட்டாள்.

"சரி அண்ணி. நல்லாருக்கு."

புத்தகம் வந்தது. வாங்கிப்போனவர்கள் எல்லாரும், ஒட்டியிருந்த பக்கத்தைக்கூடப் பிரிக்காமல், நல்லாருக்கு என்றார்கள். ஒருநாள் ஸ்டூடியோவில் கரண்ட் போன நேரம், பொழுது போகாமல் அவளே அதைப் புரட்டினாள். மாமியார் வரும் பக்கம். வழவழவென்று ஒரு முகம். அவள் தினமும் செய்து கொடுக்கும் முகம்; யாருடையது என்றே தெரியவில்லை.

அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுதினாள். தட்டு, அதில் பாதி பிசைந்த சோறு, பக்கத்தில் குனிந்தபடி மென்றுகொண்டிருந்த வாய், ஒன்றையும் விடவில்லை. எழுதியதை எடுத்துக்கொண்டு பரிசோதனை நிலையத்துக்கே போனாள்.

"எல்லாத்தையும் வச்சிருக்கேன். உன்னையும்தான். படிச்சுட்டுத் திட்டு."

நாத்தனார் நின்றபடியே படித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது. கண் அதே வரிக்குத் திரும்பிப் போனது. கை பைக்குள் பென்சிலைத் தேடிப் போய், எடுக்காமலே வெளியே வந்தது. பிறகு தாள்களை மேஜையில் தட்டி ஒழுங்காக்கி நீட்டினாள்.

"நல்லாருக்கு அண்ணி."

"எந்த இடம்?"

"மொத்தமாவே" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளின் சீட்டுக்குக் கையை நீட்டினாள்.