செலினும் மஞ்சள் கேபிளும்

செய்தி வந்தபோது நான் நிலக்கோட்டையிலிருந்து திண்டுக்கல் வரும் பேருந்தில் பூ மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். செலினின் கணவர் அலைபேசியில் பேசினார். "அண்ணே, செலினு காலையில போயிட்டாண்ணே" என்றார். பக்கத்திலிருந்த பூக்கார அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு மூட்டையை நகர்த்தி இடம் விட்டார். "செத்த உக்காருங்க தம்பி" என்றார். ஐம்பத்து நாலு வயதுக்காரனைத் தம்பி என்று அழைத்ததுகூட அன்று உறைக்கவில்லை.

செலினை உங்களில் பலருக்குத் தெரியும். எங்கள் திண்டுக்கல் மருத்துவமனையின் கணினிப் பிரிவில் பதினோரு வருடம் என்னோடு வேலை பார்த்தவர். என்னைவிட எட்டு வயது இளையவர். வேலையில் இருவரும் சமம் என்று அலுவலக உத்தரவு சொன்னது. நான் அதை நம்பியதில்லை. ஸ்கேன், எக்ஸ்ரே படங்களையெல்லாம் சேர்த்துவைக்கும் சேமிப்பகம் அவர் பொறுப்பில் இருந்தது. டாக்டர் தன் அறையில் ஒரு பெயரைத் தட்டியதும் மூன்று வருடத்துக்கு முந்தைய படம் வந்து நிற்கிறதே, அது அங்கிருந்துதான் வருகிறது. அந்த அறையில் எப்போதும் ஏசி ஓடும் என்பதால் பாதிப் பேருக்கு அவர் 'ஃப்ரிட்ஜ் ரூம் அக்கா'.

அந்த இயந்திரம் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பொருத்த வந்த பொறியாளர், படங்கள் போய்வரும் அதே நெட்வொர்க்கிலேயே நிர்வாக வேலைக்கான இணைப்பையும் கொடுத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தார். செலின் விடவில்லை. "நோயாளி நடக்குற வராண்டாவுலயே ஆபீஸ் சாவியத் தொங்கவிடுவாகளா சார்? அதுக்குத் தனியா ஒரு பாதை போடுங்க" என்றார். தனி ஸ்விட்ச், தனி கேபிள், அடையாளத்துக்கு அதில் மஞ்சள் டேப். கம்பெனியிலிருந்து வந்த கடவுச்சொல்லை, பொறியாளர் டீ குடித்து முடிப்பதற்குள் மாற்றியும்விட்டார். "பூட்டுக்குப் பேர்போன ஊருக்கு வந்துட்டு இதுகூட செய்யாம போகலாமா?" என்று அவரைக் கேலி செய்தது வேறு.

இனி என் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். எந்தெந்தக் கணினிகள் அந்த நிர்வாகப் பக்கத்தைத் திறக்கலாம் என்று சேமிப்பகத்துக்கு ஒரு பட்டியல் கொடுக்க வேண்டும். பட்டியலில் இல்லாத கணினியை அது உள்ளேயே விடாது. தேவாலயத்தில் நடந்த மகளின் புதுநன்மைச் சடங்குக்காகச் செலின் விடுப்பில் இருந்த அன்று, நான் பெரிய ஆள்போல உட்கார்ந்து அந்தப் பட்டியலைத் திருத்தினேன். முகவரியில் ஒரே ஒரு எண் தவறிவிட்டது. 'சேமி' என்று அழுத்தியதும் திரை அப்படியே நின்றது. எங்கள் அலுவலகம் மொத்தத்தையும், என்னையும் சேர்த்து, வெளியே வைத்துப் பூட்டியிருந்தேன். அன்று பார்த்து சேமிப்பகத்தில் இடம் வேறு குறைந்துகொண்டிருந்தது. உள்ளே போய் இடத்தைக் கூட்டாவிட்டால் மறுநாள் எடுக்கும் ஸ்கேனுக்கு இடம் இருக்காது.

நான் அழைத்ததும் கோவிலிலிருந்து பட்டுச்சேலையோடு வந்தார் செலின். முந்தானையைச் செருகிக்கொண்டு, இயந்திரத்தின் முதுகில் தன் மடிக்கணினியை நேரடியாக இணைத்து, பத்தே நிமிடத்தில் திறந்துவிட்டார். திட்டுவார் என்று நின்றேன். சிரித்தார். "இந்தத் தொழில்ல தன்னையே வெளிய வச்சுப் பூட்டிக்கிடாத ஆளு யாருண்ணே இருக்கா? நானே ரெண்டு தடவை செஞ்சிருக்கேன்."

மறுநாளிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. உள்ளே விடும் அந்த முகவரிப் பட்டியலை யாரும் தனியாகத் தொடக் கூடாது. ஒருவர் எண்களை உரக்கப் படிக்க, மற்றவர் அடிக்க வேண்டும். செபமாலை சொல்வதுபோல ஒவ்வொரு எண்ணாக, நிதானமாகப் படிப்பார் செலின். நானோ அதன்பிறகு படிப்பதோடு சரி. விசைப்பலகை பக்கமே போகவில்லை. "நீயே அடி செலினு, எனக்கு ராசியில்ல" என்று நழுவிவிடுவேன். நிர்வாகத்துக்கும் அது வசதியாக இருந்தது. அவருக்கு மட்டும்தான் பிடிக்கவில்லை. "என் ஒருத்திய நம்பி இம்புட்டுப் படமும் கெடக்குறது எனக்குப் பெருமை இல்லண்ணே, பயமா இருக்கு" என்பார்.

போன வருடம் அவருக்கு நோய் என்று தெரிந்தது. அதே சமயம் சேமிப்பகத்தைப் புதுக் கட்டடத்துக்கு மாற்ற முடிவாயிற்று. எல்லா முகவரிகளையும் புதிதாகக் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியாவிட்டால் திங்கள் காலை ஒரு டாக்டருக்கும் பழைய படம் கிடைக்காது. அந்த வாரம்தான் செலின் சிகிச்சைக்கு மதுரை போக வேண்டியிருந்தது.

"என்னால ஆகாது. நீ வந்தப்பெறகு பாத்துக்குவோம்" என்றேன்.

"எப்ப வருவேன்னு யாருக்குத் தெரியும்? நீங்கதான் செய்யிறீக. நம்ம பிரிவுப் பாத்திமா படிப்பா."

வீட்டிலிருந்தே உள்ளே நுழைய அவருக்கு மட்டும் ஒரு பாதுகாப்பான வழி இருந்தது. அதை நினைத்துக்கொண்டு கேட்டேன், "சிக்கிக்கிட்டா நீ அங்கருந்து உள்ள வந்து எடுத்துவிட்டுருவேல்ல?"

"இருக்கேண்ணே, தைரியமாப் போங்க" என்றார்.

அந்த ஞாயிறு எங்கள் சக ஊழியர் பாத்திமா படிக்கப் படிக்க நான் அடித்தேன். ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். என்ன ஆனாலும் மதுரையில் செலின் இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டேதான் கடைசிப் பொத்தானை அழுத்தினேன். திரை நின்றது. பிறகு திறந்தது. திங்கட்கிழமை முதல் ஆளாக வேடசந்தூர் மில் தொழிலாளி ஒருவர் வந்தார். அவருடைய பழைய நெஞ்சுப் படமும் புதுப் படமும் பக்கத்தில் பக்கத்தில் திரையில் வந்தன. "நல்லாக் கொறஞ்சிருக்கு, மாத்திரைய மட்டும் விட்டுறாதீக" என்று டாக்டர் சொன்னதை வாசலில் நின்று கேட்டேன். செலினுக்கு அலைபேசியில் சொன்னதும் "அப்ப நான் நிம்மதியாத் தூங்குவேன்" என்றார். அதன்பிறகு அவர் வேலைக்குத் திரும்பவில்லை. சிகிச்சை முடிந்து வந்து ஏழு மாதம் வீட்டில் இருந்தார். நான் பார்க்கப் போகும்போது மருத்துவமனையில் எல்லாரையும் விசாரிப்பார். இயந்திரத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். நானும் இதுவரை நாலு தடவை முகவரிகளை மாற்றிவிட்டேன். இப்போது ஒரு தடவை படித்தாலே போதும்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அலுவலகம் வந்தேன். அனுமதி உள்ள ஆட்களுக்கென்று, நான் அதுவரை திறந்திராத தனிப் பட்டியல் ஒன்று உண்டு. பணியில் இல்லாதவர்களின் பெயரை அதிலிருந்து நீக்க வேண்டும் என்பது செலின் போட்ட விதி. அவர் பெயரை நானே நீக்க வேண்டும் என்று உட்கார்ந்தேன். பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று காட்டும் பதிவேட்டைத் திறந்தேன். அவர் மதுரைக்குக் கிளம்பிய நாளிலேயே நீக்கப்பட்டிருந்தது. வீட்டிலிருந்து நுழையும் வழியும் அன்றே மூடப்பட்டிருந்தது. இரண்டையும் செய்தவர் பாத்திமா என்று இருந்தது.

பாத்திமாவைக் கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அக்காதான் எடுக்கச் சொன்னாக. அண்ணனுக்குத் தெரியக் கூடாதுன்னாக. தெரிஞ்சா அவரு தொடவே மாட்டாருன்னாக."

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சிக்கியிருந்தாலும் மதுரையிலிருந்து உள்ளே வந்து எடுத்துவிட செலினுக்கு வழியே இருக்கவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. பிறகு ஏசி ஓடும் அந்த அறையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

செலினுடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. "இருக்கேண்ணே" என்று அவர் சொன்ன பொய் மட்டும் இருக்கிறது. நானே என்னை நம்பாத நாளில் என்னை நம்பி ஒருவர் சொன்ன பொய் அது. அதை வைத்துக்கொண்டுதான் தினமும் வேலைக்குப் போகிறேன்.