கடைசி அத்தியாயத்தை நறுக்கியவள்

அவளுக்குக் கதைப் புத்தகம் என்றாலே ஆகாது. நடக்காததை நடந்த மாதிரி ஒருத்தன் எழுதுவானாம், அதை இன்னொருத்தர் படித்துவிட்டு மூக்கைச் சிந்துவாராம், வேலைவெட்டி இல்லாத கூட்டம் என்பாள். பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுவது அவள் வேலை. படுக்கை விரிப்பு, மேசைத் துணி, விருந்தாளிகளின் சட்டை என்று நாள் முழுக்க வந்து குவியும். எதிலாவது ஒரு நூல் பிரிந்து தொங்கினால் போதும், அவளுக்குக் கை பரபரக்கும். இடுப்புப் பையில் இருக்கும் சின்னக் கத்தரிக்கோலை எடுத்து, தையலோடு தையலாக நறுக்கிவிட்டுத்தான் மறுவேலை. கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு ‘நூல்வெட்டி’ என்று பேர் வைத்திருந்தார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அக்கா இவளுக்கு நேர் எதிர். லாரி ஓட்டும் அத்தான் வெளியூர் போய்விட்டால் அவளுக்குத் துணை புத்தகம்தான். அதிலும் ஒரு கௌபாய் பேய்க்கதை என்றால் உயிர். தொப்பியும் துப்பாக்கியுமாகத் திரிந்த ஒருவனைப் பாலைவனத்தில் சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். செத்தும் அவன் அடங்கவில்லை. செத்துப்போன குதிரை மேலேயே ஏறிக்கொண்டு, வீட்டில் காத்திருக்கும் பெண்டாட்டியைத் தேடிக் கிளம்புகிறான். பாகம் பாகமாக வந்த கதை. ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் தூரத்தில் வீட்டு விளக்கு தெரியும், பாவி போய்ச் சேரமாட்டான். “அவன் வீடு போய்ச் சேர்றதைப் பாக்காம நான் கண்ணை மூடமாட்டேன்டி” என்று அக்கா நல்ல உடம்போடு இருந்த காலத்தில் வேடிக்கையாகச் சொல்வாள்.

இப்போது அந்த வேடிக்கை பலித்துவிடும் போலிருந்தது. அக்காவுக்கு நுரையீரலில் நோய். போன மாதம் டாக்டர் இவளையும் அத்தானையும் மட்டும் வராண்டாவுக்குக் கூப்பிட்டார். “இனிமே மருந்தால ஆகப்போறது ஒண்ணுமில்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் வலியில்லாம பாத்துக்குங்க” என்றார். அத்தான் சுவரைப் பார்த்து நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அவகிட்ட மூச்சு விடக்கூடாது” என்றார். இவள் தலையாட்டினாள். வேறென்ன செய்வாள்? உள்ளே போய், “உடம்பு தேறிடுச்சாம்க்கா, அதான் வீட்டுக்கு அனுப்புறாங்க” என்றாள். கட்டுக்கதையைக் கண்டாலே ஆகாதவள் கட்டிய முதல் கதை அது. அன்றிலிருந்து அக்கா “அடுத்த டெஸ்ட் எப்போடி?” என்று கேட்கும்போதெல்லாம் இவள் வாயில் வந்த ஒரு தேதியைச் சொல்லிவைப்பாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் கதையின் கடைசிப் பாகம் வந்து தொலைத்தது. புத்தகக்கடை அண்ணன் ஒரு பிரதியை எடுத்துவைத்துச் சொல்லி அனுப்பினார். அக்கா ஆசையாய்ப் பிரித்தாள். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர்ந்தது. மருந்து கண்ணையும் விட்டுவைக்கவில்லை. “நீ படி, நான் கேக்குறேன்” என்று நீட்டினாள்.

வேலைவிட்டு வந்ததும் கட்டிலோரம் உட்கார்ந்து இவள் படிப்பாள். படிப்பதைவிடத் திட்டுவதுதான் அதிகம்.

“பேய்க்கு எதுக்குக்கா குதிரை? பறந்து போக வேண்டியதுதானே?”

“அது அவனோட குதிரைடி. விட்டுட்டு எப்படிப் போவான்?”

“ரத்தக்கறை சட்டையைக் கொதிக்கிற தண்ணியில போடுறான் பாரு. அந்தக் கறை ஏழு ஜென்மத்துக்கும் போகாது. எழுதினவன் துணியே துவைச்சதில்ல.”

அக்கா சிரிப்பாள், சிரிப்பு இருமலில் போய் முடியும். இவள் முதுகைத் தடவிக் கொடுப்பாள். உண்மையில் புத்தகம் சகிக்கவில்லை. மணல் மேட்டுக்கே பக்கம் பக்கமாக வர்ணனை. போன பாகத்தில் செத்த வில்லன் ஏனென்று கேட்பாரில்லாமல் திரும்பி வந்து நின்றான். “சரியில்லதான்” என்று அக்காவே ஒத்துக்கொண்டாள். “பரவால்ல, கடைசியில கொண்டு சேத்துடுவான்.”

அப்படி என்னதான் ஆகப்போகிறது என்று ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் இவள் கடைசி அத்தியாயத்தைப் புரட்டிப் பார்த்தாள். பார்த்தவள் சாப்பாட்டைத் தள்ளி வைத்தாள். குதிரை, பாலைவனம், பெண்டாட்டி எல்லாமே கனவாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் காய்ச்சலில் கிடக்கும் ஒருவன் கண்ட கனவாம். அவனுக்குப் பெண்டாட்டியே கிடையாதாம். கடைசி வரியில் அவனும் செத்துப் போகிறான். “அடப்பாவி, உனக்கு நல்ல கதி வருமா?” என்று எழுதினவனை வாய்விட்டே சபித்தாள்.

இதை எப்படி அக்காவுக்குப் படித்துக் காட்டுவது? முடிவை மாற்றிச் சொல்லலாமா என்று யோசித்தாள். தானே கட்டிச் சொன்னால் இரண்டு வரியில் குட்டு உடைந்துவிடும், அக்கா அதில் பழம் தின்று கொட்டை போட்டவள். கை தானாக இடுப்புப் பைக்குப் போனது. வேறு யாராவது என்றால் பரபரவென்று கிழித்துப் போட்டிருப்பார்கள், தாள் தானாகப் பிய்ந்துபோனது மாதிரி இருந்திருக்கும். இவளுக்குப் பிசிறு ஆகாதே! ஒவ்வொரு தாளாகப் பிடித்து, தையலோரம் நூல் பிடித்த மாதிரி நறுக்கி எடுத்தாள்.

“கடைசிப் பக்கமெல்லாம் காணோம்க்கா. பிரஸ்ல விட்டுட்டானுங்க போல.”

அக்கா புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். விரலால் கடைசித் தாளின் தையலோரத்தை மெதுவாகத் தடவிப் பார்த்தாள். “அப்படியா?” என்றாள், அவ்வளவுதான். தப்பித்தோம் என்று இவள் பெருமூச்சு விட்டாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது வாசலில் புத்தகக்கடை அண்ணனின் சைக்கிள் நின்றது. இவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நுழைந்தாள். உள்ளே அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், மடியில் புத்தம்புதுப் பிரதி மூடிக் கிடந்தது. தானே எழுதிவிட்ட மாதிரி முகம் செத்துப்போயிருந்தது.

“பக்கம் இல்லன்னு போன் பண்ணாங்கம்மா. படிச்சுக் காட்டுங்கன்னாங்க. நானும் இன்னும் படிக்கல, ஆசையா ஆரம்பிச்சேன்...” என்று இழுத்தார். “இப்படி ஏமாத்திட்டானே.”

குறையுள்ள பிரதியை எடுத்துப் போகக் கை நீட்டினார். “அது இங்கேயே இருக்கட்டும்ண்ணே” என்றாள் அக்கா. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

இவள் கதவருகிலேயே நின்றாள். திட்டு விழும் என்று எதிர்பார்த்தாள், விழவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

“கேட்டதும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சுடி. இத்தனை வருஷம் அலையவிட்டு இப்படியா பண்ணுவான்?” அக்கா மூச்சு வாங்கிக்கொண்டாள். “அப்புறம் உன்னை நினைச்சேன். இவ்வளவு சுத்தமா வெட்ட உன்னைத் தவிர யாரால முடியும்? எனக்குத் தெரியக்கூடாதுன்னுதானே வெட்டின?”

“ஆமாக்கா.”

“டாக்டர் சொன்னதுல எவ்வளவு வெட்டின?”

பொய் ஒன்றாவது அகப்படுகிறதா என்று இவள் தேடிப் பார்த்தாள், ஒன்றுகூட அகப்படவில்லை. தரையில் உட்கார்ந்து கட்டில் சட்டத்தில் தலையை வைத்து அழுதாள். அழுதுகொண்டே வராண்டாவில் கேட்டதை ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள். அக்கா இவள் தலையில் கை வைத்தபடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அத்தானுக்குத் தெரியுமா?”

“அவர்தான்க்கா சொல்லாதன்னார்.”

“எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவர்கிட்ட சொல்லிடாத. மனுஷன் தாங்கமாட்டார்.”

“அக்கா, என்னால முடியாதுக்கா.”

“எனக்காகடி.”

வெளியே லாரிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அக்கா முந்தானையால் இவள் முகத்தை அவசரமாகத் துடைத்துவிட்டாள். அத்தான் உள்ளே வந்தார். கட்டிலைப் பார்த்துச் சிரித்தார், பிறகு அக்காவுக்குத் தெரியாமல் இவளிடம் கண்ணாலேயே கேட்டார், அவளுக்கு ஒன்றும் தெரியாதுதானே என்று. அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து அக்காவும் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெரியாது என்று இவள் தலையாட்டினாள்.